ஆயிரம் வருஷமும் மூன்று நாளும்

எகிப்தில் கெய்ரோவுக்குத் தென்மேற்கே சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி ஃபயூம் இருக்கிறது. பாலைவனத்துக்கு நடுவே பெரிய பள்ளம். நைலிலிருந்து பிரிந்து வரும் வாய்க்கால் அந்தப் பள்ளத்தை வயலும் தோப்புமாக வைத்திருக்கிறது. அதன் தலைநகரை கிரேக்கர்கள் முதலைப்பட்டணம் என்று அழைத்தார்கள். முதலைத் தெய்வமான சோபெக்கின் கோயில் அங்கே இருந்தது. பிறகு ஓர் அரசியின் பெயரால் அது அர்சினோவே ஆயிற்று. கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் அந்த வட்டாரத்துக் கிறிஸ்தவர்கள் ஒரு புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டு, காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை, மூன்று நாள் வாதாடினார்கள். பைபிளின் கடைசி நூலில் ஆயிரம் வருஷம் என்று வருகிறதே, அது காலண்டரில் எண்ணக்கூடிய ஆயிரமா, வேறொன்றைக் குறிக்கும் அடையாளமா என்பதுதான் வாதம்.

வேதத்தை எப்படி வாசிப்பது என்ற சண்டையில் சபைகள் உடைந்திருக்கின்றன, ஆட்கள் எரிக்கப்பட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திய எனக்கு அந்தக் கதைகளெல்லாம் தெரியும். அவற்றுக்கு நடுவே அர்சினோவேயின் மூன்று நாளைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். அங்கே தோற்றவர்களை யாரும் அவமானப்படுத்தவில்லை.

கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்காக விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பைபிளின் கடைசி நூலை எங்கள் பக்கத்துச் சீர்திருத்தச் சபைகள் வெளிப்படுத்தின விசேஷம் என்கின்றன. கத்தோலிக்கர் திருவெளிப்பாடு என்கிறார்கள். பத்மு தீவில் இருந்த யோவான் என்பவர் கண்ட தரிசனங்கள் அதில் இருக்கின்றன. அதன் 20ஆம் அதிகாரத்தில் ஒரு தூதன் சங்கிலியோடு இறங்கி வந்து சாத்தானைக் கட்டிப்போடுகிறான். விசுவாசத்துக்காகத் தலை வெட்டப்பட்டவர்கள் உயிரோடு எழுந்து கிறிஸ்துவோடு ஆயிரம் வருஷம் அரசாளுகிறார்கள். 2ஆம் வசனத்திலிருந்து 7ஆம் வசனம்வரை ஒரு வசனம்கூட விடாமல் அந்த ஆயிரம் வருகிறது. எங்கள் கன்வென்ஷன் மேடைகளில் இதற்கு ஆயிர வருஷ அரசாட்சி என்று பெயர்.

அது இந்த மண்ணிலேயே நடக்கும் என்று நம்பியவர்களில் பெரிய மனிதர்கள் உண்டு. இன்றைய துருக்கியில் இருந்த ஹியராப்போலிஸ் நகரத்து ஆயர் பப்பியாஸ் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதி வைத்ததை, பிரான்சின் லியோனில் ஆயராக இருந்த இரேனியஸ் நமக்குக் காப்பாற்றித் தந்திருக்கிறார். அந்தக் காலம் வரும்போது ஒவ்வொரு திராட்சைச் செடியும் 10,000 கிளை விடும். கிளைக்கு 10,000 கொப்பு என்று பெருகிப் பெருகி, கடைசியில் ஒற்றைப் பழத்தைப் பிழிந்தால் 25 குடம் ரசம் வரும். ஒரு கோதுமை மணி 10,000 கதிர் விடும். கதிருக்கு 10,000 மணி இருக்கும். இந்தக் கணக்கைப் படித்துச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. விளைச்சலில் பெரும் பங்கை வரியாகவும் குத்தகையாகவும் கொடுத்த மக்களின் பசி அதில் தெரிகிறது.

ரோமில் போதித்து, அங்கேயே இரத்தசாட்சியாக இறந்த ஜஸ்டினும் ஆயிரம் வருஷத்தை அப்படியே நம்பினார். ஆனால் அவர் 160ஐ ஒட்டி எழுதிய உரையாடல் நூலில் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்கிறார்: நல்ல விசுவாசமுள்ள கிறிஸ்தவர்களிலேயே பலர் அப்படி நினைப்பதில்லை. ஆதிச் சபையில் எல்லோரும் எழுத்தை எழுத்தாகவே எடுத்தார்கள், படித்தவர்கள் வந்து கெடுத்தார்கள் என்று மேடைகளில் கேட்கிறோம். அடையாளமாக வாசிப்பது நவீன அறிவின் கொடை என்று படித்தவர்கள் சொல்லவும் கேட்கிறோம். ஜஸ்டினின் அந்த ஒப்புதலுக்கு முன்னால் இரண்டு பேச்சும் நிற்காது. முதல் நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்குள்ளேயே இரண்டு வாசிப்பும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருந்தன.

பவுல் அப்போஸ்தலனே இரண்டாம் வகை வாசிப்பைத் தொடங்கி வைத்தார். போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டக்கூடாது என்று மோசேயின் சட்டத்தில் இருக்கிறது. உழவர் வீட்டில் அதற்கு ஒரே பொருள்தான். பவுலோ கொரிந்து சபைக்கு எழுதும்போது, இது மாட்டைப் பற்றிய கவலை மட்டுமா என்று கேட்டு, ஊழியம் செய்கிறவனுக்கு அதிலேயே பிழைப்பு உண்டு என்பதற்கு அதை ஆதாரமாக்குகிறார். கலாத்தியருக்கு எழுதும்போது ஆபிரகாமின் இரண்டு மனைவியரை இரண்டு உடன்படிக்கைகளாக வாசிக்கிறார்.

அந்த வழியை ஒரு கல்வி முறையாகவே வளர்த்த ஊர் அலெக்சாந்திரியா. அங்கே கிரேக்கப் பண்டிதர்கள் ஹோமரின் காவியத்தில் தெய்வங்கள் செய்யும் அடாத காரியங்களுக்கெல்லாம் உட்பொருள் சொல்லிப் பழகியிருந்தார்கள். இயேசுவின் காலத்தில் வாழ்ந்த ஃபைலோ என்ற யூத அறிஞர் அதே முறையில் மோசேயின் நூல்களை விளக்கினார். அவருக்கு ஏறக்குறைய 200 ஆண்டுகள் பின்னால் வந்தவர் ஓரிகன்.

ஓரிகனைக் கல்நெஞ்சுப் பண்டிதராக யாரும் நினைத்துவிட வேண்டாம். அவருடைய தகப்பன் லியோனிதஸ் 202ஐ ஒட்டி நடந்த உபத்திரவத்தில் கொல்லப்பட்டார். பதினேழு வயதுப் பையன் தானும் போய்ச் சாகிறேன் என்று துடித்தபோது, தாய் அவன் துணிமணிகளை ஒளித்துவைத்து வீட்டை விட்டுக் கிளம்பவிடாமல் செய்தாள். இளவயதில் அவர் மத்தேயு 19ஆம் அதிகாரத்தில் வரும் அண்ணகர் பற்றிய வசனத்தை அப்படியே எடுத்துக்கொண்டு தம் உடலைச் சிதைத்துக்கொண்டதாகச் சரித்திரக்காரர் யூசேபியஸ் எழுதுகிறார். இதை ஐயப்படும் ஆய்வாளர்களும் உண்டு. முதுமையில் அந்த வசனத்துக்கு விளக்கம் எழுதிய ஓரிகன், அதை எழுத்துப்படி எடுக்கக்கூடாது என்று அழுத்தமாக வாதிட்டார் என்பது மட்டும் உறுதி.

முதற்கோட்பாடுகள் பற்றி அவர் எழுதிய நூலின் நான்காம் பகுதியில் வாசிப்பு முறையை வகுக்கிறார். மனிதனுக்கு உடலும் ஆன்மாவும் ஆவியும் இருப்பதுபோல வேதத்துக்கும் மூன்று நிலைப் பொருள் உண்டு. வெளிப்படையான கதை உடல். வாழ்க்கைக்கான நெறி ஆன்மா. மறைபொருள் ஆவி. சூரியனே படைக்கப்படாதபோது முதல் மூன்று நாளுக்குக் காலையும் மாலையும் எப்படி வந்தது? கடவுள் குடியானவனைப் போல மண்வெட்டி பிடித்து ஏதேனில் மரம் நட்டாரா? பூமியின் எல்லா ராஜ்யங்களும் தெரிகிற மலை எங்கே இருக்கிறது? இவற்றைக் கேட்டவர் நாத்திகர் அல்ல, வேதத்தைக் கரைத்துக் குடித்தவர். பழைய ஏற்பாட்டின் எபிரெய மூலத்தையும் கிரேக்க மொழிபெயர்ப்புகளையும் ஆறு பத்திகளாக அருகருகே எழுதிவைத்து ஒப்பிட்ட உழைப்பாளி. இப்படிப்பட்ட இடறல்களைக் கடவுளே வேதத்தில் வைத்திருக்கிறார், வாசகன் மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போகாமல் நின்று தேடவேண்டும் என்பதற்காக, என்பது அவர் பதில். 250இல் டேசியஸ் பேரரசன் காலத்தில் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டு, அந்த உடல் தேறாமலே சில ஆண்டுகளில் இறந்தார்.

இந்த வாசிப்பு கிராமங்களுக்குள் வந்தபோது எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் நேப்போஸ் என்ற எகிப்திய ஆயர். உருவகக்காரர்களுக்கு மறுப்பு என்ற தலைப்பிலேயே ஒரு நூல் எழுதினார். ஆயிரம் வருஷம் இந்த பூமியில் நடக்கும், அதில் சரீர இன்பமும் நிறைவும் இருக்கும் என்பது அவர் வாதம். அவர் இறந்த பிறகு அந்த நூல் கைக்குக் கை போயிற்று. சில போதகர்கள் நியாயப்பிரமாணத்தையும் தீர்க்கதரிசிகளையும் ஓரம் வைத்துவிட்டு இதையே பெரிய ரகசியமாகப் போதித்தார்கள். ஊர் ஊராகப் பிளவு. சில இடங்களில் சபை முழுவதுமே பிரிந்து போயிற்று.

அப்போது அலெக்சாந்திரியாவின் ஆயராக இருந்தவர் ஓரிகனின் மாணவர் டயோனிசியஸ். நகரத்துக்காரர், படிப்பாளி. கிராமத்து மக்களிடம் இவருக்கு ஒரு கடன் இருந்தது. டேசியஸின் உபத்திரவத்தில் சிப்பாய்கள் இவரைப் பிடித்து தபோசிரிஸ் என்ற ஊருக்குக் கொண்டுபோனார்கள். கல்யாண வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு குடியானவன் வழியில் அதைக் கேள்விப்பட்டு, பந்தியில் இருந்தவர்களிடம் போய்ச் சொன்னான். பந்தி அப்படியே எழுந்தது. கூச்சல் போட்டுக்கொண்டு ஓடிவந்தவர்களைக் கண்டு சிப்பாய்கள் ஓடிவிட்டார்கள். வெறுங்கட்டிலில் ஒற்றைத் துணியோடு கிடந்த ஆயர், வந்தவர்கள் கொள்ளைக்காரர்கள் என்று எண்ணி உடுப்பை எடுத்துக் கொடுக்கப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் தம்மை விட்டுவிடும்படி கெஞ்சினார். அவர்கள் கேட்கவில்லை. கையையும் காலையும் பிடித்துத் தூக்கி வெளியே கொண்டுபோய், சேணமில்லாத கழுதைமேல் ஏற்றிக் காப்பாற்றினார்கள். இதையெல்லாம் அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

இப்படிப்பட்டவர் அர்சினோவேக்குப் போகிறார். அதிகாரத்தால் நேப்போஸின் நூலைத் தடை செய்து ஓலை அனுப்பியிருக்கலாம். அவர் கிராமங்களின் மூப்பர்களையும் போதகர்களையும் அழைத்தார். விருப்பமுள்ள சபையார் யாரும் வரலாம் என்றார். வந்தவர்கள் நேப்போஸின் நூலை, யாராலும் உடைக்க முடியாத கோட்டையைப் போல, கையோடு கொண்டுவந்தார்கள். மூன்று நாள் வரிசையாக ஒவ்வொரு வாதத்தையும் எடுத்துப் பேசினார்கள். அந்த மக்களைப் பற்றி டயோனிசியஸ் எழுதியதைப் படிக்கும்போது மனம் நிறைகிறது. அவர்களுடைய நிதானத்தையும் உண்மை நாட்டத்தையும் புத்திக்கூர்மையையும் வியக்கிறார். கேள்விகள் ஒழுங்காக வந்தன. முன்பு சொன்னதற்காகவே ஒன்றைப் பிடித்துக்கொண்டு யாரும் அடம்பிடிக்கவில்லை. எதிர்வாதத்தைத் தட்டிக்கழிக்கவும் இல்லை. சரியென்று பட்டால் கருத்தை மாற்றிக்கொள்ள வெட்கப்படவும் இல்லை என்கிறார். கடைசியில் அந்தப் போதனையின் தலைவராக இருந்த கொராக்கியோன், இனி இதைப் பிடித்துக்கொள்ளவோ போதிக்கவோ மாட்டேன், எனக்குப் போதிய விளக்கம் கிடைத்துவிட்டது என்று எல்லோர் முன்னும் அறிவித்தார்.

வென்றவர் எழுதிய குறிப்புதானே இது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கொராக்கியோனின் வாயிலிருந்து நமக்கு ஒரு சொல்லும் வந்து சேரவில்லை. ஆனால் வென்றவர் தோற்றவர்களைப் பற்றி என்ன எழுதினார் என்பதையும் பாருங்கள். இறந்துபோன நேப்போஸை அவர் மதிப்போடுதான் குறிப்பிடுகிறார். விசுவாசத்துக்காகவும் வேதத்தில் போட்ட உழைப்புக்காகவும், சபையார் இன்றும் மகிழ்ந்து பாடும் பாட்டுகளுக்காகவும் நேப்போஸை நேசிக்கிறேன் என்றும், சத்தியம் அதைவிடப் பெரியது என்பதால்தான் மறுக்கிறேன் என்றும் சொல்கிறார்.

அவர் செய்த இன்னொரு காரியம் அதைவிடப் பெரியது. நேப்போஸின் ஆயிரம் வருஷத்தை வெல்ல எளிய வழி ஒன்று இருந்தது: வெளிப்படுத்தின விசேஷத்தையே தூக்கி எறிவது. அவருக்கு முன்பே சிலர் அது கெரிந்து என்ற கள்ளப் போதகனின் வேலை என்று ஒதுக்கியிருந்தார்கள். டயோனிசியஸ் அப்படிச் செய்ய மறுத்தார். இத்தனை சகோதரர்கள் போற்றும் நூலை நான் தள்ளமாட்டேன். எனக்கு விளங்காத ஆழம் அதில் இருக்கிறது என்றார். அதே மூச்சில், அதை எழுதிய யோவான் சுவிசேஷத்தை எழுதிய யோவான் அல்ல என்றும் வாதிட்டார். சுவிசேஷத்தில் ஆசிரியர் தம் பெயரைச் சொல்வதில்லை. இந்நூலோ தொடக்கத்திலிருந்தே யோவான் என்ற பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. சுவிசேஷத்தின் கிரேக்கம் பிழையற்றது. இதில் இலக்கணப் பிழைகள் இருக்கின்றன. அங்கே நிறைந்திருக்கும் சொற்கள் இங்கே காணோம். எபேசுவில் யோவானுக்கு இரண்டு கல்லறைகள் சொல்லப்படுகின்றன. இதை ஏளனத்துக்காகச் சொல்லவில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். பதினேழு நூற்றாண்டுகள் கழித்தும் பெரும்பாலான ஆய்வாளர்கள் அவர் பக்கம்தான் நிற்கிறார்கள். 367இல் அதே அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியஸ் புதிய ஏற்பாட்டின் 27 நூல்களைப் பட்டியலிட்டபோது வெளிப்படுத்தின விசேஷம் அதில் இருந்தது.

டயோனிசியஸ் ஆயிரம் வருஷத்தை வாசித்த விதம்தான் சரி என்பது என் முடிவு. தரிசன நூலில் ஏழு கொம்புள்ள ஆட்டுக்குட்டியை அடையாளமாக எடுத்துக்கொண்டு, ஆயிரத்தை மட்டும் எண்ணிக்கையாக எடுப்பதற்கு நூலிலேயே காரணம் எதுவும் இல்லை. இருந்தாலும் எங்கள் சபை வேதபாட வகுப்பில் ஒருநாள் கேட்ட பேச்சு என் காதில் நிற்கிறது. நான் இதே விளக்கத்தைச் சொன்னபோது, தையல்வேலை செய்யும் ஓர் அண்ணாச்சி எழுந்தார். “டீச்சர், பென்ஷன் வாங்குற உங்களுக்கு எல்லாம் அடையாளமா இருக்கலாம். வாடகை வீட்டுல இருக்கிற எங்களுக்கு அந்த ஆயிரம் வருஷம் மண்ணுலதான் வேணும்” என்றார். “நீங்க சொல்றதை நான் யோசிக்கணும், அண்ணாச்சி” என்றேன். இன்றும் யோசிக்கிறேன். டேசியஸ் காலத்தில் தெய்வங்களுக்குப் பலியிட்டோம் என்று காட்ட மக்கள் வாங்கவேண்டியிருந்த சான்றிதழ்கள் பாப்பிரஸ் தாளில் இன்றும் இருக்கின்றன; அவற்றில் பல கிடைத்தது ஃபயூம் கிராமங்களில்தான். நேப்போஸை நேசித்தவர்கள் அந்தத் தலைமுறை மக்கள். மறுமையில் நியாயம் கிடைக்கும் என்பது அவர்களுக்குப் போதவில்லை. பறிக்கப்பட்ட இடத்திலேயே திரும்பக் கிடைக்கவேண்டும் என்று கேட்டார்கள். அந்தக் கேட்பை அறியாமை என்று தள்ளினால் வாசித்ததில் பாதி வீண்.

அடையாள வாசிப்பு யாருக்கு வசதி என்று கேட்கவும் வேண்டும். ஓரிகனுக்கு முன் அலெக்சாந்திரியாவில் போதித்த கிளெமென்ட், மீட்படையும் பணக்காரன் யார் என்று ஒரு நூல் எழுதினார். உனக்குள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு என்று இயேசு ஒரு செல்வனிடம் சொன்னதை எடுத்துக்கொண்டு, சொத்தை விடச் சொல்லவில்லை, சொத்தின்மேல் உள்ள ஆசையை விடச் சொன்னார் என்று விளக்கினார். செல்வம் கையில் இருந்தால்தான் பசித்தவனுக்குக் கொடுக்க முடியும் என்பதும் அவர் வாதம். அதில் பொருள் இல்லாமல் இல்லை. ஆனால் அதே எகிப்தில், மூன்றாம் நூற்றாண்டின் பின்பகுதியில், இருபது வயதுப் பையன் ஒருவன் ஆலயத்துக்குள் நுழையும்போது அதே கட்டளை வாசிக்கப்படக் கேட்டான். தனக்காகவே வாசிக்கப்பட்டதாக எடுத்துக்கொண்டு வெளியே வந்து, முன்னோர் விட்டுச்சென்ற 300 அரூரா நிலத்தை, சுமார் 200 ஏக்கர், ஊராருக்குக் கொடுத்துவிட்டான். மற்ற உடைமைகளை விற்று, தங்கைக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டு மீதியை ஏழைகளுக்குக் கொடுத்தான். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் வனத்து அந்தோணியார் என்று வணங்குபவர் அவர்தான். பாலைவனத் துறவு மடங்களுக்கு அவர் வாழ்க்கையே விதையாயிற்று. முதலைகள் நிறைந்த அர்சினோவே வாய்க்காலைக் கடந்து அந்த வட்டாரத்துத் துறவிகளைப் பார்க்கப் போனதாக அவர் சரித்திரம் சொல்கிறது. கிளெமென்ட் எழுத்தைத் தாண்டிப் போனார். அந்தோணியார் எழுத்திலேயே நின்றார். இந்த ஒரு வசனத்தில் நான் அந்தோணியார் பக்கம்.

பின்னர் சிரியாவின் அந்தியோக்கியாவிலிருந்து ஓரிகனின் முறைக்குக் கடும் எதிர்ப்பு வந்தது. மொப்சுவெஸ்தியாவின் தியோடோர், ஆதாம் ஆதாம் அல்ல, தோட்டம் தோட்டம் அல்ல என்று போனால் நடந்த வரலாறே கரைந்துவிடும் என்று எச்சரித்தார். நியாயமான எச்சரிக்கை. 553இல் கான்ஸ்டான்டினோபிளில் கூடிய சங்கம் தியோடோரையும் கண்டித்தது, ஓரிகனையும் கண்டித்தது. இருவரும் அப்போது உயிரோடு இல்லை. பதில் சொல்ல வாய்ப்பும் இல்லை. அர்சினோவேயில் நடந்ததற்கும் இதற்கும் உள்ள தூரம் அவ்வளவு.

நேப்போஸின் நூல் தொலைந்துவிட்டது. வாக்குறுதிகள் பற்றி டயோனிசியஸ் எழுதிய இரண்டு நூல்களும் முழுதாக இல்லை; யூசேபியஸ் எடுத்து எழுதிய பகுதிகள்தான் மிச்சம். அவருடைய திருச்சபை வரலாற்றின் ஏழாம் புத்தகத்தில் 24, 25ஆம் அதிகாரங்கள் அவை. சில பக்கங்கள்தான். ஆயிர வருஷ அரசாட்சியைப் பற்றி உங்கள் சபையில் பிளவு பேசுகிறவர்கள் இருந்தால், கள்ளப் போதகம் என்று தீர்ப்பு எழுதுவதற்கு முன் இந்தப் பக்கங்களை இரு தரப்பும் சேர்ந்து வாசியுங்கள். வாசித்துவிட்டு, எதிர்ப்பக்கத்தில் நன்றாகப் பேசக்கூடியவரை முதலில் பேச விடுங்கள்.